நாற்காலிக்குப் பின்னால் நின்றவள்

பாறசாலையில் பெண்களுக்கென்று ஒரு ஜிம் திறந்த புதிதில் நானும் சேர்ந்தேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பழைய பட்டுச்சேலைக்கு ஏற்ற பழைய இடுப்பு வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வக்கீல் ஆபீஸ் வேலை முடிந்து, பாட்டுப் போட்டுக் குதிக்கச் சொன்னால் குதித்து, குனியச் சொன்னால் குனிந்து, எப்படியோ உடம்பு குறைந்தது. ஜாக்கெட்டை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். இதை யாரிடமாவது காட்ட வேண்டாமா? மைனியிடம் காட்டலாம் என்று போனேன். அது என் புத்தி.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணி என்று சொல்வதில்லை. அவள் முற்றத்தில் நின்று என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"கொள்ளாம். இனி இத வச்சு என்ன செய்யப் போற?"

"எத வச்சு?"

"இந்த இடுப்ப வச்சு."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "கீழ ரோட்டுல கேஸ் சிலிண்டர் எறக்கிப் போட்டுட்டுப் போயிருக்கான். ஒரு கை பிடி ஏட்டி, வா" என்று படி இறங்கிவிட்டாள். பிடித்துத் தைத்த ஜாக்கெட்டோடு நான் சிலிண்டரைப் பிடித்து ஏறினேன். பாதியில் கை விட்டுப்போனது. தையலும் விட்டுப்போனது. மைனி மீதி வழிக்கு அதைத் தனியாகத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏறிய பிறகு மூச்சு வாங்காமல் சொன்னாள்: "காட்சிக்குள்ள பெலம் வேற. காரியத்துக்குள்ள பெலம் வேற. ஒனக்கு அந்த ஜிம்முல விக்கது காட்சியாக்கும்."

அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது. அந்தச் சிலிண்டர் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அவளைச் சொல்வதென்றால் முதலில் எங்கள் வீட்டுப் படியைச் சொல்ல வேண்டும். குன்னத்துகாலை அடுத்த ஒரு குன்றின் மேலே வீடு. அரசாங்கக் கச்சேரியில் குமஸ்தாவாக இருந்த எங்கள் தாத்தா, ஊர்க்காரர்கள் தன்னை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அண்ணாந்து பார்த்தார்களோ இல்லையோ, மேலே வர வண்டி வழி கிடையாது. கீழே உள்ள ரப்பர் தோட்டக்காரர் வழி விடமாட்டார். நாங்களும் அவரிடம் போய்க் கேட்கமாட்டோம், கௌரவம். ஆகவே வெட்டுக்கல் படிதான். அரிசி, சிமெண்ட், கல்யாணப் பெண், பிணம் எல்லாம் அந்தப் படி வழியாகத்தான். நடுவில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவு. அங்கே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது.

எல்லா வீட்டுக்கும் ஒரு பயம் உண்டு அல்லவா? எங்கள் வீட்டுப் பயம் அந்தப் படி. மேலே ஒருவர் மயங்கி விழுந்தால் எப்படி ரோட்டுக்குக் கொண்டு சேர்ப்பது? இந்தக் கேள்வியை எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மைனி வந்து கேட்டாள். கேட்டதோடு விட்டாளா?

கல்யாணமாகி வந்த புதிதில், புதுச்சேலையின் கஞ்சிகூடப் போகாத சமயம், எங்கள் அம்மா சர்க்கரை குறைந்து விழுந்துவிட்டாள். அண்ணன் வெளியே போயிருந்தான். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் முற்றத்தில் நின்று ஆலோசனை செய்தார்கள். ஜங்ஷனில் போய் நாலு ஆளைக் கூட்டி வரலாமா, கட்டிலோடு தூக்கலாமா, கட்டில் வளைவில் திரும்புமா. மூன்று பேரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், அவசரத்தில்கூட ஒழுங்காகத்தான் பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மைனி சேலையைத் தூக்கிச் செருகி, அம்மாவைத் தன் முதுகில் ஏற்றிவிட என்னிடம் சொல்லி, ஒரு வேட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அம்மா பிழைத்தாள். பிழைத்துக் கண்ணைத் திறந்ததும் கேட்டது, "ஜங்ஷன்ல யாரெல்லாம் பாத்தா?" என்றுதான். சுமட்டுக்காரி மாதிரி மருமகள் தன்னை முதுகில் போட்டுக்கொண்டு போனதை அம்மாவால் கடைசி வரை தாங்க முடியவில்லை. அப்பாவும், "நம்ம வீட்டுப் பெண்ணுங்க சுமடு எடுக்குதவங்களா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார்.

மைனி சொன்ன பதில் ஒன்றுதான். "அத்தை இப்பம் பேசுதாங்க இல்லியா? பின்ன என்ன?"

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவளைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கலாம். அவள் எங்களுக்கும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் கறி மணக்கும். எங்கள் வீட்டில் மைனி பழைய மர நாற்காலி ஒன்றை எடுத்து முற்றத்தில் போடுவாள். கைப்பிடி உள்ள, கனமான நாற்காலி. மைனி அதைக் கசேரை என்பாள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஆளைத் தூக்கினால் கால் உடையும் என்று அவளே உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அதில் ஓர் அரிசிச் சாக்கை உட்கார வைத்து வேட்டியால் கட்டுவாள். அந்தச் சாக்குக்குப் பெயர் நோயாளி. நான் கீழே ரோட்டோரத்தில்தான் குடியிருந்தேன். தப்பிக்க வழியில்லை. என்னையும், என் வீட்டுக்காரரையும், அவளுடைய மகனையும் முன்னால் நிறுத்துவாள். முன்னால் என்றால் கீழ்ப்பக்கம். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, முகம் நோயாளியைப் பார்க்க, பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். பின்னால், முதுகுச் சாய்வைப் பிடித்துக்கொண்டு மைனி. அந்த இடத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. "கீழ நிக்கவனுக்குப் பாரம். மேல நிக்கவனுக்குப் பொறுப்பு" என்பாள். நாற்காலி எவ்வளவு சாயலாம், எப்போது அடுத்த படி, எப்போது மூச்சு விடலாம் எல்லாம் மேலே நிற்பவர் கையில்.

இறங்கி முடியும் வரை அவள் வாய் ஓயாது.

"முட்டு மடக்கு! நடுவ வளைக்காத! ஏட்டி, ஒனக்குக் கால் உண்டா இல்லியா? எலே, நோயாளிக்கு மொகத்தப் பாரு, ரோட்டப் பாக்காத! கல்யாணத்துக்கா போற, இந்த நடை நடக்க!"

மழை வரும் என்றால், "நோயாளி மழை பாத்தா விழுவான்?" என்பாள். என் வீட்டுக்காரர் நெய்யாற்றின்கரையில் மருந்துக்கடை வைத்திருந்தார். சண்டை சச்சரவு அறியாத மனிதர். அவரே ஒருநாள் என்னிடம், "நாம திருவனந்தபுரத்துக்கு வீடு மாறினா என்ன?" என்று கேட்டார்.

அண்ணன் மகனுக்கு அப்போதுதான் உடம்பில் ஆசை வந்திருந்தது. ஜிம்முக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று போட்டோ எடுத்துப் போடுவான். நிஜமாகவே நல்ல பலம் அவனுக்கு. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைவில் அவன் கை வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, சாக்கு வாய் பிரிந்து, அரிசி படி முழுக்கக் கொட்டியது.

"அம்மா, அது சாக்குதானே" என்றான்.

"ஒங்க அப்பாவாட்டு இருந்தா?"

மைனி மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, "நோயாளியப் பொறுக்குங்க" என்றாள். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் ஒவ்வொரு படியாகக் குனிந்து நோயாளியைப் பொறுக்கினோம். குனியக்கூடாது, குத்தவைத்துத்தான் பொறுக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு சட்டம்.

இது வீட்டாரோடு நின்றிருந்தாலாவது சகித்திருக்கலாம். என் மகளைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. பெரிய வீட்டில் வைத்துக் காட்டினால் மரியாதை என்று நான்தான் மேலே ஏற்பாடு செய்தேன். பையன் நல்ல வேலை, நல்ல நிறம், சட்டைக்குள் கை திரண்டு இருந்தது. படியின் அடியில் அன்றைக்கென்று பார்த்து ஒரு சிலிண்டர். மைனி அவர்களை வரவேற்க இறங்கி வந்தவள் பையனைப் பார்த்துச் சிரித்தாள்.

"தம்பி, வெறுங்கையோட ஏறாண்டாம். இதொண்ணு எடுத்துக்கோ."

அவன் மறுக்க முடியாமல் எடுத்துவிட்டான். பையனின் அம்மா முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவில் நின்றான். அதைத் தாண்டி நின்றான். மேலே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலகாரத்தைத் தொடவில்லை. போய்ச் சேர்ந்ததும் சரிப்படாது என்று போன் வந்தது.

நான் ஆங்காரத்தோடு படி ஏறிப் போய்க் கத்தினேன். மைனி மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். "நல்ல பயதான். ஆனா பாதியில மூச்சு வாங்கிச்சே மக்கா" என்றாள், ஏதோ பையனுக்கு ஜாதகத்தில் தோஷம் இருந்தது போல. என் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெற்றவளுக்குத்தான் தெரியும் வயிற்றெரிச்சல்.

பிறகு ஒரு காலையில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாய் கோணி, ஒரு பக்கமாகச் சரிந்தான். அன்று யாரும் ஆலோசனை செய்யவில்லை. மைனி போன் செய்தாள், நாங்கள் ஓடினோம், நாற்காலி தயாராக இருந்தது, வேட்டி தயாராக இருந்தது. அண்ணன் சாக்கைவிடக் கொஞ்சம்தான் கனம். ரோட்டில் கார் வந்து நிற்பதற்கும் நாங்கள் இறங்கி முடிப்பதற்கும் சரியாக இருந்தது. நேரத்தோடு கொண்டு வந்ததால் ஆள் தப்பியது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் என் காதில் மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? மைனி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவளோடு வாழ முடியுமா?

அண்ணன் வீடு திரும்பினான். வலது கையும் காலும் பாதிதான் சொன்னபடி கேட்டன. ஒருநாள் நான் மேலே போனபோது அவன் உள்ளறையில் தரையில் கிடந்தான். நாலு காலில் நின்று, ஒரு முழங்காலை முன்னே வைத்து, எழும்ப முயன்று, மறுபடியும் சரிந்தான். வியர்வையும் எச்சிலும் ஒழுகியது. மைனி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். மைனி குறுக்கே கையை நீட்டினாள். "தொடாத."

"நீங்க மனுஷிதானா?"

"நீ தூக்கினா இன்னைக்கு எழும்புவாரு. நாளைக்கு?"

"நாளைக்கும் நான் வாறேன்."

"கக்கூசுக்குப் போவ ஒவ்வொரு வாட்டியும் வருவியா? நான் செத்தாலும் வருவியா?"

என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். கல் என்றேன், பேய் என்றேன், இது உங்கள் அரிசிச் சாக்கு இல்லை என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் படி இறங்கிவிட்டேன். ஓணம் வரை அவளோடு பேசவில்லை. அண்ணன் கம்பு ஊன்றித் தானாகக் கக்கூசுக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு விரலாவது கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அண்ணனிடமே ஒருநாள் கேட்டேன். அவன் குழறிய நாக்கோடு சிரித்துக்கொண்டு, "எனக்கு நீ தூக்கியிருந்தா போதும்னுதான் இருந்துச்சு" என்றான். மைனி அடுக்களையிலிருந்து, "கேட்டுது" என்றாள்.

பேச்சு திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பிவிட்டது. இப்போது சாக்குக்குப் பதில் சில நாள் அண்ணனே உட்காருவான். அவனுக்கு அது பிடித்திருந்தது, ராஜா மாதிரி போய் வருவான். ஒருமுறை நான் மைனியிடம், "ஒரு வாட்டி நீங்க உக்காருங்க, நாங்க தூக்குதோம்" என்றேன். அவள் நல்ல வாட்டசாட்டமான பெண்.

"எனக்கு எதுக்காக்கும்? நான் நடந்து எறங்குவேன்."

"எப்பவுமா?"

"நான் இதுல உக்காந்தா பின்னால யாரு நிப்பா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ பெரிய நியாயத்தைச் சொல்லிவிட்டது போல நாற்காலியைத் தூக்கினாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம் அவள் மகன் கூப்பிட்டான். நானும் வீட்டுக்காரரும் ஓடினோம். மைனி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சிலிருந்து தாடை வரை பிடித்து இழுக்கிறது என்றாள். சொல்லிவிட்டு, "ஒண்ணுமில்ல, வாயுவாக்கும். நான் நடந்து எறங்குதேன்" என்று எழுந்தாள். எழுந்தவள் சுவரைப் பிடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டும் ஓர் எட்டு வைக்கப் பார்த்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். "உக்காருங்க மைனி! இனி ஒரு எட்டு வச்சா நான் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்!"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேட்டியைக் கட்டினோம். தூக்கக் குனிந்தோம்.

குனிந்தபோதுதான் பார்த்தோம். நாங்கள் மூன்று பேரும் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அத்தனை வருஷப் பழக்கம், மூன்று பேரும் போய் அவரவர் இடத்தில் நின்றுவிட்டோம். பின்னால் யாரும் இல்லை.

மைனி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "மூணு பேரும் அங்க நின்னா கசேரை தன்னால வருமா?"

மகன்தான் கீழே நிற்க வேண்டும், பாரம் அங்கேதான். வீட்டுக்காரருக்கு நடு வலி, இடுப்பு நிமிராது. நான் பின்னால் போனேன். முதுகுச் சாய்வைப் பிடித்தேன். அந்த இடத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தால் நோயாளியின் முகம் தெரியாது, உச்சி வகிடுதான் தெரியும். அந்த வகிட்டில் நரை இவ்வளவு ஏறியிருந்தது எனக்குத் தெரியாது.

இறங்கினோம். படி ஈரம், பாசி. "சாய்க்காத" என்றாள் மைனி. "இன்னும் கொஞ்சம் மேல பிடி." அடுத்த படி. "மூச்ச விடு ஏட்டி, நீ செத்தா யாரு பிடிப்பா?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடுங்க மைனி" என்றேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் முற்றத்து ஓரத்தில் கம்பை ஊன்றி நின்றான். அவனை எழுப்பி அங்கே கொண்டுவந்தது யார் என்று யோசிக்க நேரமில்லை.

வளைவு வந்தது. வீட்டுக்காரர் விலகி முன்னே இறங்கி நின்றார். கீழே மகன், மேலே நான், நடுவில் மைனி. பாரம் முழுவதையும் அவன் நெஞ்சில் வாங்கிக்கொண்டான். நான் முட்டு மடக்கி, சாய்வை என் வயிற்றோடு சேர்த்து, சுவரை உரசாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன்.

மைனியின் வாய் நின்றுவிட்டது.

ஒரு படி. ஒன்றும் இல்லை. இன்னொரு படி. அவள் தலை பின்னால் சாய்ந்து என் கையில் பட்டது. "மைனி" என்றேன். பதில் இல்லை. "எலே, அம்மைக்கு மொகத்தப் பாரு" என்றேன். அவனால் பார்க்க முடியவில்லை, கண்ணில் வியர்வை. அவன் அழுகிறானா என்றும் தெரியவில்லை. கையை விட முடியாது, நிற்க முடியாது, ஓட முடியாது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பெண் பார்க்க வந்த இடத்தில், எங்கெல்லாம் வாயை மூடச் சொன்னேனோ அங்கெல்லாம் மூடாதவள், இங்கே வந்து மூடிவிட்டாளே என்று எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். "பேசுங்க மைனி, எதாவது குத்தம் சொல்லுங்க" என்று அழுதுகொண்டே மீதிப் படி முழுக்கவும் இறங்கினேன். அவள் பேசவில்லை. காரில் ஏற்றும்போதும் பேசவில்லை. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்தாள். அடைப்பை எடுத்து, சின்னக் கம்பிச்சுருள் ஒன்றை வைத்தார்கள். மறுநாள் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். நான் போனேன். அவள் முகம் சுருங்கி, பச்சைத் துணிக்குள் யாரோ போலக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நடு பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"கை?"

"கையும் இல்ல. மைனி, அந்த வளைவுல ஏன் பேசாம ஆனீங்க? நான் அங்கேயே எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

அவளுக்கு உதடு காய்ந்திருந்தது. யோசித்துப் பார்த்து, உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்ற முகத்தோடு சொன்னாள்:

"கொறை சொல்ல ஒண்ணும் இல்லாம இருந்துச்சு மக்கா."

அந்தக் கையில் ஊசி குத்தியிருக்காவிட்டால் பிடித்துக் கிள்ளியிருப்பேன். அத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறை என்னைப் பாராட்டியிருக்கிறாள். நான் அதைச் சாவு என்று நினைத்து, ரோடு வரை அழுதுகொண்டே இறங்கியிருக்கிறேன்.